199 ரூபாய்க்கு ஒரு டாப்ஸ் எப்படி வருகிறது?

வட சென்னையின் தண்டையார்பேட்டையில் இருக்கும் ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "எம்.சி. ரோட்டில் 199 ரூபாய்க்கு டாப்ஸ் வாங்குகிறேன். போனில் ஆப் வழியாகவும் வாங்குவேன். கல்லூரியில் நடந்த ஒரு கூட்டத்தில், ஃபாஸ்ட் ஃபேஷன் வாங்குவதே பாவம் என்கிற மாதிரி பேசினார்கள். எங்கள் வீட்டு வருமானத்துக்கு வேறு எதை வாங்க முடியும்? பெரிய பிராண்டு வாங்கினால் மட்டும் சரியாகிவிடுமா? வீட்டில் ஒரு மூட்டை பழைய துணி கிடக்கிறது, அதை என்ன செய்வது?"

தங்கச்சி, முதலில் உங்கள் மனதை உறுத்தும் விஷயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். 199 ரூபாய்க்கு டாப்ஸ் வாங்குவது பாவம் இல்லை. மாதக் கடைசியில் கையில் இருக்கும் பணத்துக்கு ஏற்றபடி ஒரு பெண் துணி எடுப்பதில் யாரும் குற்றம் கண்டுபிடிக்கத் தேவையில்லை. ஆனால் கூட்டத்தில் பேசியவர்கள் சொன்ன பாதிப்புகள் பொய்யும் இல்லை. நான் அம்பத்தூரில் ஏற்றுமதி கார்மென்ட்ஸில் குவாலிட்டி பிரிவில் பல வருடம் வேலை பார்த்தவன், வியாசர்பாடிக்காரன். துணி தைக்கப்படும் இடத்தையும் பார்த்திருக்கிறேன், அது கடைசியில் போய்ச் சேரும் கொடுங்கையூர் குப்பைக் கிடங்கையும் தினமும் பார்க்கிறேன். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நம் வீடுகளில் முன்பெல்லாம் தீபாவளிக்கு ஒன்று, பொங்கலுக்கு ஒன்று, ஸ்கூல் திறக்கும்போது யூனிஃபார்ம் என்றுதான் துணி எடுப்பார்கள். அக்கா போட்டது தங்கைக்கு வரும், அப்புறம் அது கரித்துணியாகும். இன்று கடைகளில் வாரா வாரம் புது டிசைன் தொங்குகிறது. ஆப்பில் நாளுக்கு நாள் மாறுகிறது. இப்படி மலிவாக, வேகமாக வந்து சீக்கிரமே வீசப்படும் உடைகளைத்தான் ஃபாஸ்ட் ஃபேஷன் என்கிறார்கள். 2000-க்கும் 2015-க்கும் இடையில் உலகத்தில் உடை உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்காகியது என்று எலன் மக்ஆர்தர் அறக்கட்டளை 2017-இல் கணக்கிட்டது. அதே காலத்தில், ஒரு உடையைத் தூக்கிப் போடும் முன் எத்தனை முறை போடுகிறோம் என்பது 36 சதவீதம் குறைந்திருக்கிறது. ஃபாஸ்ட் ஃபேஷன் என்பதன் மொத்தக் கதையும் இந்த இரண்டு கணக்கில் இருக்கிறது. மலிவு மட்டும் இதில் பிரச்சினை கிடையாது, மலிவான லுங்கி நம் ஊரில் எந்தக் காலத்திலும் உண்டு. வேகமும் எண்ணிக்கையும் சேரும்போதுதான் யாரோ ஒருவர் தலையில் சுமை ஏறுகிறது.

யார் தலையில் ஏறுகிறது என்பதற்கு வருகிறேன். கார்மென்ட்ஸில் ஒவ்வொரு உடைக்கும் எத்தனை நிமிடம் தையல் வேலை என்று கணக்குப் போட்டு வைத்திருப்பார்கள். சாதாரண டி-ஷர்ட்டுக்கு 8 நிமிடம் போல, முழுக்கைச் சட்டைக்கு 20 நிமிடம் போல. அதை வைத்துத்தான் லைனுக்கு, அதாவது ஒரு மெஷின் வரிசைக்கு, டார்கெட் வரும். மணிக்கு இத்தனை பீஸ் என்று போர்டில் எழுதிவிடுவார்கள். டார்கெட் குறைந்தால் சூப்பர்வைசர் கத்துவார். தண்ணீர் குடித்தால் பாத்ரூம் போக வேண்டிவரும் என்று தாகத்தை அடக்கிக்கொண்டு மெஷினில் உட்காரும் பெண்கள் உண்டு. சிறுநீர்த் தொற்று இந்தத் தொழிலில் சகஜமான நோயாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இத்தனைக்கும், பிராண்டு உடைக்குக் கடையில் கொடுக்கும் விலையில் தைத்தவர்களின் கூலி பெரும்பாலும் 3 சதவீதத்துக்குள்தான் இருக்கும். அதாவது அவர்கள் கூலியை இரண்டு மடங்காக்கினாலும் கடை விலை பெரிதாக ஏறாது.

அப்படியென்றால் ஏன் கொடுப்பதில்லை? வெளியில் இருப்பவர்களுக்கு அவ்வளவாகத் தெரியாத விஷயம் இங்கேதான் இருக்கிறது. வெளிநாட்டுப் பையர், அதாவது சரக்கை வாங்கும் பிராண்டு, ஆர்டர் கொடுக்கும்போது பணம் கொடுப்பதில்லை. நூல், துணி, சாயம், கூலி எல்லாவற்றையும் கம்பெனிக்காரர் கடன் வாங்கிப் போட வேண்டும். சரக்கு கப்பல் ஏறி இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் பணம் வரும். டிசைனைக் கடைசி நேரத்தில் மாற்றுவார்கள், ஆனால் ஷிப்மென்ட் தேதியை மாற்ற மாட்டார்கள். தேதி தவறினால் கம்பெனி தன் செலவில் விமானத்தில் அனுப்ப வேண்டும். ஒரு ஏர் ஷிப்மென்ட் போனால் அந்த ஆர்டரில் கிடைக்க இருந்த லாபம் முழுவதும் போய்விடும். அதனால்தான் ஷிப்மென்ட் வாரத்தில் இரவு பத்து, பதினொன்று வரை லைன் ஓடும். ஓவர்டைமுக்கு இரட்டைச் சம்பளம் என்பது சட்டத்தில் இருக்கிறது. பல இடங்களில் அது சட்டப் புத்தகத்தோடு சரி. 2020 மார்ச்சில் கொரோனா வந்ததும் பெரிய பிராண்டுகள் பலவும், தைத்து முடித்துப் பெட்டியில் போட்ட சரக்குக்குக்கூடப் பணம் தர மாட்டோம் என்று ஆர்டரை ரத்து செய்தன. வங்கதேசத்தில் மட்டும் 300 கோடி டாலருக்கு மேல் ஆர்டர் ரத்தானதாகவோ நிறுத்தி வைக்கப்பட்டதாகவோ அங்குள்ள உற்பத்தியாளர் சங்கம் சொன்னது. அந்த மாதம் சம்பளம் இல்லாமல் வீட்டுக்குப் போனவர்கள் தையல் பெண்கள்தான்.

உங்கள் 199 ரூபாய் டாப்ஸ் பெரும்பாலும் இந்த ஏற்றுமதி வழியில் வருவதில்லை. அது உள்நாட்டுச் சரக்கு. பழைய வண்ணாரப்பேட்டை, கொருக்குப்பேட்டை, புளியந்தோப்புப் பக்கம் சந்துக்குள் போனால் நான்கைந்து மெஷின் போட்ட சின்ன யூனிட்டுகளைப் பார்க்கலாம். வெட்டிய துணியைக் கட்டாகக் கொடுப்பார்கள், தைத்துத் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஜாப் ஒர்க், பீஸ் ரேட், அதாவது ஒரு உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி. காஜா பட்டன் ஒருவரிடம், பிசிறு வெட்டுவது இன்னொரு வீட்டில், மடித்து கவரில் போடுவது இன்னொரு வீட்டில். பத்துப் பேருக்குக் கீழே ஆள் இருந்தால் ஈ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு கட்டாயம் இல்லை, இருபதுக்குக் கீழே என்றால் பி.எஃப். கட்டாயம் இல்லை. வீட்டில் உட்கார்ந்து தைக்கும் அக்காவுக்கு இரண்டும் கிடையாது. மின்சாரமும் நூலும் அவர் காசு. ஊசி விரலில் ஏறினால் அயனாவரம் ஈ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் அவருக்கு அட்டை இருக்காது, ஸ்டான்லி அரசு ஆஸ்பத்திரியில் போய் வரிசையில் நிற்க வேண்டியதுதான். அந்த விலை சாத்தியமாவது இதனால்தான்.

அந்த யூனிட் நடத்துகிறவரும் பெரும்பாலும் நேற்று வரை மெஷினில் உட்கார்ந்திருந்தவராகவே இருப்பார். அவரை வில்லனாக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு மேலே இருக்கும் மொத்த வியாபாரி ரேட்டைச் சொல்கிறார், இவர் மறுத்தால் அடுத்த சந்தில் இன்னொருவர் தயாராக இருக்கிறார்.

நம் பகுதியின் வரலாற்றில் இதற்கு நேர் எதிரான ஒரு அத்தியாயம் உண்டு. உங்கள் வயதுப் பிள்ளைகளுக்கு அது தெரியாமல் போவது எனக்கு வருத்தம். பெரம்பூரில் பின்னி மில் என்று நாம் சொல்கிற பக்கிங்காம், கர்நாட்டிக் மில்கள் இருந்தன. ராணுவத்துக்குக் காக்கித் துணி நெய்த மில். ஆயிரக்கணக்கான பேர் வேலை பார்த்தார்கள். சாப்பிடுவதற்குக்கூடச் சரியான இடைவேளை இல்லை, அடி உதை உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று பி.பி. வாடியா தலைமையில் சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது. திரு.வி.க., செல்வபதி செட்டியார், ராமானுஜலு நாயுடு எல்லாரும் அதில் இருந்தார்கள். இந்தியாவிலேயே முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் அது. மில் நிர்வாகம் சங்கத் தலைவர்கள் மீது வழக்குப் போட்டு உயர் நீதிமன்றத்தில் ஜெயித்தது. வேலைநிறுத்தத்துக்குத் தூண்டுவதே சட்டவிரோதம் என்கிற நிலை வந்ததால்தான் சங்கங்களுக்குப் பாதுகாப்பு வேண்டும் என்ற பேச்சு வலுத்தது, 1926-இல் தொழிற்சங்கச் சட்டம் வந்தது. இடையில் 1921 வேலைநிறுத்தத்தில் தொழிலாளர்கள் சாதியால் பிரிந்து, அது புளியந்தோப்புக் கலவரத்தில் போய் முடிந்ததையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மில் 1996-இல் மூடப்பட்டது.

இதை இங்கே ஏன் சொல்கிறேன் என்றால், அன்றைய தொழிலாளிக்குப் போய் நிற்க ஒரு கேட் இருந்தது. முதலாளி யார், யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரியும். இன்று வியாசர்பாடி வீட்டில் பிசிறு வெட்டும் அக்காவுக்கு அந்த டாப்ஸ் எந்தக் கடைக்குப் போகிறது என்றே தெரியாது. வேலையைத் துண்டு துண்டாக வெட்டிப் பல கைகளுக்குப் பிரித்துவிட்டால் கேள்வி கேட்க ஆளே இருக்காது. ஃபாஸ்ட் ஃபேஷனின் பெரிய அறக்கேடு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். குறைந்த கூலி அதன் விளைவு.

சரி, பிராண்டு வாங்கினால் சரியாகிவிடுமா என்று கேட்டீர்கள். விலைப் பட்டையில் இருக்கும் தொகைக்கும் தைத்தவர் வாங்கிய கூலிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. 299 ரூபாய் டி-ஷர்ட்டும் 2,999 ரூபாய் டி-ஷர்ட்டும் ஒரே ஃபேக்டரியில், அடுத்தடுத்த லைனில் ஓடுவது உண்டு. வித்தியாசம் விளம்பரத்திலும் கடை வாடகையிலும் போகிறது. 2013 ஏப்ரல் 24 அன்று டாக்கா அருகே சாவாரில் ரானா பிளாசா கட்டடம் இடிந்து 1,134 பேர் இறந்தார்கள். முதல் நாளே சுவரில் விரிசல் தெரிந்தது. கீழ்த்தளத்தில் இருந்த வங்கி தன் ஊழியர்களை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டது. மேலே தைத்துக்கொண்டிருந்தவர்களை மட்டும் உள்ளே போகச் சொன்னார்கள், காரணம் ஷிப்மென்ட். அந்தக் கட்டடத்தில் தைத்த துணியில் ஐரோப்பிய, அமெரிக்க பிராண்டுகளின் லேபிள் இருந்தது. அதற்கு முந்தைய வருடம் செப்டம்பரில் கராச்சியில் அலி என்டர்பிரைசஸ் ஆலை எரிந்து 250 பேருக்கு மேல் இறந்தார்கள். சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலைக்குத் தொழிலாளர் நலனுக்கான சர்வதேசச் சான்றிதழ் கிடைத்திருந்தது.

இந்தச் சான்றிதழுக்காக ஆலையைச் சோதிக்கும் ஆடிட் எப்படி நடக்கும் என்று எனக்குத் தெரியும். தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும். அன்று மட்டும் பாத்ரூமில் சோப்பு இருக்கும், முதலுதவிப் பெட்டியில் மருந்து இருக்கும், என்ன கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஆகவே லேபிளில் இருக்கும் பச்சை இலைப் படத்தையும் "கான்ஷியஸ்" என்ற சொல்லையும் நம்பிக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள்.

நிஜமாக மாற்றம் வந்த இடங்களைப் பார்த்தால், அங்கெல்லாம் தொழிலாளர்களும் சட்டமும் இருந்திருக்கிறார்கள். ரானா பிளாசாவுக்குப் பிறகு பிராண்டுகளும் சங்கங்களும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் சட்டப்படி கட்டுப்படுத்தக்கூடியது, அதனால்தான் வங்கதேசத்தில் கட்டடங்கள் உண்மையிலேயே சோதிக்கப்பட்டன. நம் மாநிலத்திலும் ஒன்று உண்டு. 2021 ஜனவரியில் திண்டுக்கல் அருகே ஒரு ஏற்றுமதி ஆலையில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். அதே ஆலையின் சூப்பர்வைசர் கைதானார். தலித் பெண்கள் தலைமையில் இயங்கும் தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடியது. 2022-இல் திண்டுக்கல் ஒப்பந்தம் வந்தது. ஆலையில் பாலியல் தொல்லையைத் தடுக்க, தொழிலாளர்களிலிருந்தே பயிற்சி பெற்ற கண்காணிப்பாளர்கள் ஒவ்வொரு லைனிலும் இருக்க வேண்டும் என்று அதில் முடிவானது. எச் அண்ட் எம், கேப், பி.வி.எச். ஆகிய பையர்களும் இதற்குக் கட்டுப்பட்டார்கள். 1921-இல் சாதியால் உடைந்த ஒற்றுமையை நூறு வருடம் கழித்து இந்தப் பெண்கள் வேறொரு ஊரில் கட்டியெழுப்பியதாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன். கூலியிலும் அப்படித்தான். தமிழ்நாட்டில் தையல் தொழிலுக்குக் குறைந்தபட்சக் கூலியை உயர்த்தி 2014-இல் அரசு ஆணை வந்தது. முதலாளிகள் நீதிமன்றம் போனார்கள். 2016-இல் சென்னை உயர் நீதிமன்றம் உயர்வு செல்லும் என்றது. 12 வருடத்துக்குப் பிறகு கிடைத்த உருப்படியான முதல் உயர்வு அது.

இனி தண்ணீர். ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்று நீங்கள் படித்திருப்பீர்கள். அது உலக சராசரிக் கணக்கு. அதில் பெரும்பகுதி பருத்தி வயலில் போகிறது. மழையில் விளைந்த பருத்தியா, ஆற்றைத் திருப்பி விளைந்ததா என்பதைப் பொறுத்து அதன் பாதிப்பு தலைகீழாக மாறும். மத்திய ஆசியாவில் 1960-களிலிருந்து இரண்டு பெரிய ஆறுகளைப் பருத்திக்குத் திருப்பிவிட்டதால் ஆரல் கடலின் பெரும்பகுதி வற்றிப்போனது. ஆனால் எனக்கு அதைவிடச் சாயத் தண்ணீர்தான் பெரிய கவலை, ஏனென்றால் அதை நம் ஊரிலேயே பார்த்துவிட்டோம்.

பருத்திக்குப் போடும் சாயம் துணியில் ஏற வேண்டும் என்றால் உப்பு வேண்டும், அதுவும் ஒரு லிட்டருக்குப் பத்துக் கணக்கான கிராம். அந்த உப்பு துணியில் ஒட்டாது. போட்ட உப்பு முழுவதும் கழிவுநீரோடு வெளியே வரும். ஒரு கிலோ பனியன் துணிக்கு 100 லிட்டர் அளவுக்குத் தண்ணீர் போகும். திருப்பூர் உலகத்துக்கே பனியன் அனுப்பிய வருடங்களில் இந்த உப்புத் தண்ணீர் நொய்யலில் கலந்து ஒரத்துப்பாளையம் அணையில் போய்த் தேங்கியது. பாசனத்துக்காக 1990-களின் தொடக்கத்தில் கட்டிய அணை அது. கடைசியில் சுற்றியிருந்த விவசாயிகள், அதில் தண்ணீர் தேக்காதீர்கள் என்று போராடும் நிலை வந்தது. கிணறு உப்பாகிவிட்டது, தென்னை காய்ந்தது. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் 700-க்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அதன் பிறகுதான் கழிவுநீரை ஒரு சொட்டுகூட வெளியே விடாத சுத்திகரிப்பு உண்மையிலேயே நடைமுறைக்கு வந்தது. இன்று திருப்பூரில் அது ஓரளவு நடக்கிறது, அதற்காக அந்த ஊரைப் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தச் சுத்திகரிப்புக்கு ஆகும் செலவை ரேட்டில் கூட்டித் தர பையர் தயாராக இல்லை. அதனால் அனுமதி இல்லாத பட்டறைகள் வேறு ஊர்களில் ஆற்றங்கரையில் முளைக்கின்றன. ஈரோடு, நாமக்கல் மாவட்டங்களில் அவற்றை அதிகாரிகள் இடிப்பதும், அவை வேறிடத்தில் மறுபடி வருவதும் அடிக்கடி செய்தியில் வரும்.

உங்கள் டாப்ஸ் பருத்தியாக இல்லாமலும் இருக்கலாம். இந்த விலையில் பாலியஸ்டர், ரேயான், லைக்ரா கலந்ததுதான் அதிகம். உலகத்தில் உற்பத்தியாகும் இழையில் பாதிக்கு மேல் இன்று பாலியஸ்டர். அதன் மூலப்பொருள் கச்சா எண்ணெய். மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையின் நெருப்புக் கம்பத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு எண்ணெய்த் தொழில் என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் வந்து எண்ணூர் முகத்துவாரத்தில் படர்ந்ததும், மீனவர்கள் கையால் அதை வாரியதும் நம் கண் முன்னால் நடந்தவை. உங்கள் டாப்ஸ் மணலியிலிருந்து வந்தது என்று நான் சொல்லவில்லை. ஆனால் உலகில் எங்கோ ஒரு மணலியிலிருந்து அது வருகிறது.

துவைக்கும்போதும் பாலியஸ்டர் துணி நுண்ணிய இழைகளை உதிர்க்கும். பிரிட்டனில் பிளைமவுத் பல்கலைக்கழகத்தில் 2016-இல் சோதித்தபோது, ஆறு கிலோ துணி துவைத்தால் பாலியஸ்டரிலிருந்து 5 லட்சத்துக்கு நெருக்கமாகவும், அக்ரிலிக்கிலிருந்து 7 லட்சத்துக்கு மேலும் இழைகள் வெளியே வரலாம் என்று கணித்தார்கள். நம் வீட்டுச் சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனால் அதில் பெரும்பகுதி கசடில் தங்கும். கேப்டன் காட்டன் கால்வாயிலோ பக்கிங்காம் கால்வாயிலோ நேராக விழுந்தால், போய்ச் சேரும் இடம் கடல். ரேயான் மரக்கூழிலிருந்து வருவதால் அது இயற்கையானது என்று கடையில் சொல்வார்கள். அதைச் செய்யப் பயன்படும் கார்பன் டை சல்ஃபைடு ஆலைத் தொழிலாளர்களின் நரம்பைப் பாதிக்கும் நஞ்சு.

ஒன்றை மட்டும் எச்சரிக்கையாகச் சொல்ல வேண்டும். உலகக் கார்பன் வெளியீட்டில் 10 சதவீதம் ஃபேஷன் தொழிலால் வருகிறது என்று எல்லா மேடையிலும் சொல்வார்கள். அந்த எண்ணுக்கு உறுதியான அடிப்படை கிடையாது. 2-லிருந்து 8 சதவீதம் வரை என்றுதான் மதிப்பீடுகள் வேறுபடுகின்றன. ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பும் இப்போது அப்படித்தான் சொல்கிறது. பாதிப்பு பெரியது என்று காட்ட எண்ணைப் பெரிதாக்க வேண்டிய அவசியம் இல்லை.

கடைசியில் துணி எங்கே போகிறது? புதுத் துணியாக மறுசுழற்சி ஆவது 1 சதவீதத்துக்கும் குறைவு. பருத்தியும் பாலியஸ்டரும் லைக்ராவும் ஒரே நூலில் முறுக்கிக் கிடந்தால் பிரிப்பது கடினம், பிரித்தால் கட்டுப்படியாகாது. பணக்கார நாடுகள் தானம் என்ற பெயரில் மூட்டை கட்டி அனுப்புகின்றன. ஆப்பிரிக்காவில் கானாவின் தலைநகர் அக்ராவில் இருக்கும் காந்தமாந்தோ சந்தைக்கு வாரத்துக்கு ஒன்றரைக் கோடி உருப்படிகள் வருவதாக அங்கே வேலை செய்யும் அமைப்பு ஒன்று கணக்கிட்டது. விற்காதது கடற்கரையில் கயிறு கயிறாகப் புதைந்து கிடக்கிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் வருடத்துக்கு 39,000 டன் துணி கொட்டப்படுவதாக 2021-இல் செய்தி வந்தது.

நமக்கு அட்டகாமா வரை போக வேண்டாம். கொடுங்கையூர் கிடங்கு 300 ஏக்கருக்கு மேல். வட, மத்திய சென்னையின் குப்பை பல பத்தாண்டுகளாக அங்கேதான் வருகிறது. இப்போது பயோமைனிங் என்று பழைய குப்பையைத் தோண்டிச் சலிக்கிறார்கள். மண் தனியே, கல் தனியே, பிளாஸ்டிக்கும் துணியும் தனியே வரும். அந்தக் கடைசிப் பங்கு எரிபொருளாக சிமெண்ட் ஆலைக்குப் போகிறது. இந்த வேலை நடக்கும்போதே, அங்கே குப்பை எரிக்கும் ஆலை கட்டும் திட்டமும் வந்தது. 2025 மே மாதம் பகுதி மக்கள் மனிதச் சங்கிலி நின்று எதிர்த்தார்கள். குப்பையில் பாலியஸ்டர் கூடக் கூட, எரித்துவிடலாம் என்ற யோசனை அதிகாரிகளுக்கு இன்னும் கவர்ச்சியாகத் தெரியும், ஏனென்றால் அது நன்றாக எரியும். அந்தப் புகையை யார் சுவாசிப்பது என்பதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அதிகமாகத் துணி வாங்கும் பகுதிகளின் குப்பையும் நம் பக்கம்தான் வருகிறது.

இதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும்? எங்கே வாங்குவது என்பதைவிட, எத்தனை வாங்குவது, எத்தனை நாள் போடுவது என்பதுதான் கணக்கை மாற்றும். 199 ரூபாய் டாப்ஸை இரண்டு வருடம் போட்டால், நான்கு முறை போட்டுவிட்டு வீசும் 2,000 ரூபாய் உடையைவிட அது எவ்வளவோ மேல். வாங்கும்போது துணியைத் திருப்பி உள்பக்கம் பாருங்கள். தையலுக்கு வெளியே கால் அங்குலமாவது துணி விட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் ஒரு முறை இழுத்தாலே பிரிந்துவிடும். ஓரம் பிரியாமல் இருக்கப் போடும் ஓவர்லாக் நூல் தளர்ந்து தொங்கினால் வைத்துவிடுங்கள். அக்குளிலும் பக்கத் தையலிலும் இரண்டு கையால் மெல்ல இழுத்தால் இடைவெளி தெரியக் கூடாது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் கை தெளிவாகத் தெரிகிற துணி பத்துத் துவைப்பு தாங்காது. கழுத்துப் பட்டி சுருங்காமல் படிந்து உட்கார வேண்டும். எம்.சி. ரோட்டில் நல்ல சரக்கும் உண்டு, கண் வேண்டும், அவ்வளவுதான். ஏற்றுமதியில் மிஞ்சி, லேபிளை வெட்டிவிட்டு விற்கும் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் கிடைத்தால் தாராளமாக எடுங்கள். ஏற்கெனவே தைத்து முடித்த சரக்கு, நல்ல துணியாகவும் இருக்கும்.

தெருமுனையில் மெஷின் போட்டிருக்கும் ஆல்டரேஷன் அண்ணனுக்கு வேலை கொடுங்கள். ஜிப் மாற்றுவதும் பிடித்துக் கொடுப்பதும் சின்னச் செலவு, அந்தப் பணம் முழுவதும் தைத்தவர் கையிலேயே நிற்கும். ஆப்பில் மூன்று சைஸ் வரவழைத்து இரண்டைத் திருப்பி அனுப்பும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், திரும்பிப் போவதெல்லாம் மறுபடி விற்பனைக்கு வருவதில்லை. முடிந்தால் தீபாவளிக்கு ஒன்றாவது கோ-ஆப்டெக்ஸில் எடுங்கள்.

இன்னொன்றும் செய்யலாம். அடுத்த முறை ஜவுளிக் கடைக்குள் போகும்போது அங்கே நிற்கும் பெண்களைப் பாருங்கள். 2021-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டு, கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்பது கட்டாயமாகிவிட்டது. ஸ்டூல் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கல்லாவில் இருப்பவரிடம் கேளுங்கள். வாடிக்கையாளர் கேட்டால் காதில் விழும். உங்கள் கல்லூரியில் அடுத்த கூட்டம் போட்டால், வீட்டில் பீஸ் ரேட்டுக்குத் தைக்கும் ஒரு அக்காவை மேடையில் ஏற்றிப் பேசச் சொல்லுங்கள். வீட்டிலிருந்து தைப்பவர்களையும் நலவாரியத்தில் பதியலாம் என்பது நம் தெருக்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. உங்கள் நண்பர்கள் நான்கு பேர் சேர்ந்து அந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்து கொடுத்தாலே பெரிய உதவி.

மூட்டைக்கு வருகிறேன். முதலில் பிரியுங்கள். போடக்கூடியதைத் துவைத்து, பட்டன் தைத்து, தெரிந்தவர்களுக்கு நேரில் கொடுங்கள். கிழிந்ததையும் கறை படிந்ததையும் யாருக்கும் தானம் என்று தள்ளாதீர்கள், வாங்குகிறவருக்கு அது குப்பைதான். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுக்கும் அம்மா உங்கள் தெருவுக்கு இன்னும் வந்தால் அவரிடம் போடுங்கள். நல்ல சேலையையும் பேண்ட்டையும் பிரித்தெடுத்து மறுபடி விற்கத் தெரிந்தவர்கள் அவர்கள். கிழிந்த பருத்தி, பனியன் துணியெல்லாம் மெக்கானிக் ஷெட்டில் எண்ணெய் துடைக்க ஆகும், காசு கொடுத்து பனியன் வேஸ்ட் வாங்குகிறவர்கள் அவர்கள். மிச்சம் இருக்கும் பாலியஸ்டரை மழையில் நனையவிட்டு ஈரக் குப்பையோடு போடாமல் தனியாகக் கட்டி உலர் குப்பையில் கொடுங்கள்.

போகியன்று மட்டும் அதை வாசலில் போட்டு எரித்துவிடாதீர்கள். 2018-இல் போகிப் புகையால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திருப்பிவிடப்பட்டன. நம் தெருவில் கைக்குழந்தைக்கும் வீசிங் இருக்கும் பெரியவர்களுக்கும் அந்தப் புகை என்ன செய்யும் என்று சொல்ல வேண்டியதில்லை. அண்மை வருடங்களில் போகிக்குச் சில நாள் முன்பு மாநகராட்சி ஊழியர்கள் பழைய துணி, டயர், பிளாஸ்டிக்கைத் தனியாக வாங்கிக்கொள்கிறார்கள். உங்கள் வார்டு தூய்மைப் பணியாளரிடம் தேதியைக் கேட்டு, மூட்டையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.